ஓவர்சியர் போட்ட வடக்குச் சாய்ப்பு

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரி எதையும் எழுதியதில்லை. ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நிற்பேன். காலையில் வைத்த கண்ணாடியைச் சாயங்காலம் வரை தேடுகிறவள் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டு வடக்குச் சாய்ப்பில் கிடக்கிற கல்மேடையைப் பற்றி நான் எழுதாமல் போனால் பிறகு எழுத ஆள் இல்லை. அதைப் போட்டவரைக் கண்ணால் கண்டவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான்.

கல்மேடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று நான்கு பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாம், அவ்வளவுதான். மலையிலிருந்து உருட்டிவந்த கல். தொடையில் பட்டு உறுத்தாதபடி அதன் விளிம்பை உருட்டாகச் செதுக்கியிருக்கிறது. மேலே, வீட்டுச் சுவரிலிருந்து இறங்கி நிற்கும் நாட்டோட்டுக் கூரை. அதைத்தான் சாய்ப்பு என்போம். பக்கத்தில் தண்ணீர்ப்பானை வைக்க ஒரு மாடம். முதுகுக்குப் பின்னால் தாழ்வான ஒரு ஜன்னல். அதன் அடிக்கல் மட்டும் ஒரு தலைவாழை இலை வைக்கிற அளவுக்கு அகலம். வடக்குப் பார்த்த இடமாதலால் பகலெல்லாம் வெயில் படாது. உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே முழு மலையும் தெரியும். மேடையின் ஓரத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் செதுக்கியிருக்கிறது. அது எதற்கு என்று இப்போது வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன தை மாதம் அந்த மேடையில் வைத்துத்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. என் பேரன் வீட்டை இன்னும் கொஞ்சம் விரித்துக் கட்டப் பார்க்கிறான். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கி மலையைப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி அறைகள் வேண்டுமாம். வீட்டுப் படம் போடுகிற ஒரு பெண்ணைக் கூட்டிவந்திருந்தான். நல்ல பிள்ளை. வீடெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, என் பக்கத்தில் அந்தக் கல்லில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். "இந்த வீட்டுலயே அழகான எடம் இதுதானுங்க பாட்டி. இதை மட்டும் யாரும் தொடக் கூடாது. யாருங்க போட்டது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் பேரன் சொன்னான்: "அது ஒரு வெள்ளக்காரத் தொரைங்க. சாயந்தரமானா மலையப் பாத்துட்டு டீ குடிக்கறதுக்குன்னு தனக்காகவே போட்டுக்கிட்டாராமா." அந்தப் பெண் கல்லைத் தடவிக்கொண்டே, "ரசிச்சு வாழ்ந்த மனுசன் போல" என்றாள். எனக்குக் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை.

அவர் வெள்ளைக்காரர் இல்லை. இதில் உட்கார்ந்து டீ குடித்தவரும் இல்லை.

எங்கள் வீடு கோயமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஊருக்குச் சற்று மேலே ஒரு சரிவில் இருக்கிறது. என் மாமனாருடைய தாத்தா கட்டியது. கல்லும் சுண்ணாம்பும் வைத்த கனமான சுவர். உயரமானவர்கள் குனிந்து நுழைய வேண்டிய நிலைகள். கீழேயிருந்து பார்த்தால் மலையிலிருந்து உருண்டுவந்த ஒரு பாறை பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். நான் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். வந்து இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ வீட்டைப் பெரிதாக்கப் பேச்சு எழுந்தது. முப்பத்தாறா முப்பத்தேழா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. மாமனார் ஒரு பஞ்சாலையில் பங்கு சேர்ந்திருந்தார். டவுனிலிருந்து காரில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கொழுந்தனாருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்த இடம் போதவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். பழையதை இடித்துவிட்டு டவுனில் இருப்பது போல வளைவும் மாடியும் வைத்துக் கட்டச் சொன்னார்கள். மாமனார் கேட்கவில்லை. "இது எங்க பாட்டன் ஊடுங்க. இதைய இடிச்சுப்போட்டு நான் எந்த மொகத்தோட அந்த மலையப் பாப்பேன்? புதுசா வேணும், வேண்டாங்கல. ஆனா பழசு கூடப் பொறந்த மாதிரி இருக்கோணும்" என்றார். அப்படிக் கட்டித்தர ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்லி வந்தவர்தான் ஓவர்சியர். முன்பு சர்க்கார் வேலையில் பாலமும் சாவடியும் கட்டியவர்; பிறகு அதை விட்டுவிட்டுத் தனியாகப் படம் போட்டு வீடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கலாம். சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு வருவார். கோட்டு, தலையில் வெயிலுக்குப் போடுகிற தொப்பி. அந்தத் தொப்பிதான் பிற்பாடு அவரைத் துரையாக்கியது என்று நினைக்கிறேன்.

வந்த முதல் நாள் அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. எதிர்ச் சரிவுக்குப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானமும் அங்கேயே. என் மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இவங்க ஊடு கட்ட வந்தாங்களா, பொண்ணுப் பாக்க வந்தாங்களா?" என்று மாமனாரிடம் கேட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். என் மாமியார் கெட்டவர் இல்லை. யாரையும் ஒரு சொல் கடிந்து பேசத் தெரியாதவர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். கெட்டவர்கள் செய்த காரியமாக இருந்தால் எனக்கு இத்தனை வெட்கம் இருந்திருக்காது.

எங்கள் பக்கம் புதிதாக ஒருவர் வந்தால் என்ன சாதி என்று நேரே கேட்க மாட்டார்கள். அது மரியாதை இல்லை. எந்த ஊருங்க, எந்தக் கோயிலுங்க என்று கேட்பார்கள். குலசாமி கோயிலைச் சொன்னால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். மாமனார் அப்படித்தான் கேட்டார். ஓவர்சியர், "ஊரு அன்னூர்ப் பக்கமுங்க. கோயிலு இல்லீங்க, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றார். அதற்கு மேல் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வேதக்காரர், இங்கிலீஷ் தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டோம். அவர் எதையும் மறைக்கவில்லை, நாங்கள் கேட்கவில்லை. மத்தியானம் தன் தூக்குப் போசியைத் திறந்து பலாமரத்தடியில் தனியாகச் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் ஒரு வாய் மோர்கூட வாங்கமாட்டார். "ரொம்பக் கூச்சம் அவங்களுக்கு. நம்ம மருமவளாட்டவே" என்பார் மாமியார்.

அவர் வேலை செய்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. சரிவை வெட்டிச் சமன் செய்யவில்லை. நிலம் எப்படி இறங்குகிறதோ அப்படியே புது வீட்டையும் இரண்டு படி இறக்கி வைத்தார். அதனால் புதுக் கூரை பழைய கூரைக்குக் கீழேயே நின்றது. கூரைச் சரிவும் பழையது போலவே. வெளியே தெரிகிற பக்கமெல்லாம் நாட்டு ஓடு. உள்ளே மட்டும் இரும்பு உத்திரம், சிவப்புக் காவித் தரை, வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு. பழைய சுவரின் மேல் ஒரு கட்டையைக்கூடச் சார்த்தவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற அளவுக்குச் சந்து விட்டார். மழைத் தண்ணீர் அதில் விழுந்து ஓடிவிடும், பழைய சுவருக்கு ஈரம் ஏறாது. கட்டி முடித்தபின் எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தவர்களுக்குப் புதியது எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

படம் போடும் முன் அவர் பெண்களைக் கேட்க வேண்டும் என்றார். "ஊட்டுல வேலை செய்யறவங்களுக்குத்தானுங்க எங்க இடிக்குது, எங்க பொகை தேங்குதுன்னு தெரியும்." மாமியார் என்னைக் காட்டி, "இவளையா கேக்கறீங்க? இவ வாயத் தொறந்துட்டான்னா ஊருக்கே நான் சக்கரைப் பொங்கல் வெக்கறனுங்க" என்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் ஓவர்சியர் அங்கேயே நின்றார், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன், அம்மி அரைக்கும்போது சுவர்தான் முகத்தில் முட்டுகிறது என்று. என் பிறந்த வீடு மேட்டு நிலத்தில், நாலு பக்கமும் வெளி. இங்கே மலையடியில் இருந்தும் நான் மலையைப் பார்ப்பது துணி காயப்போடும் நேரம் மட்டும்தான். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் புதிதாகப் போட்ட அறையில் அம்மியைத் திருப்பி வைத்து அதற்கு நேரே ஒரு ஜன்னல் வைத்தார். அந்த வீட்டில் என்னை ஒருவர் கேட்டுச் செய்த முதல் காரியம் அது.

வடக்குச் சாய்ப்பைக் கேட்டவர் என் மாமியார். மாமனாரைப் பார்க்கப் பல சனம் வரும். பண்ணையத்து ஆட்கள், சேரியிலிருந்து வருகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள். அவர்கள் வாசலுக்கு அப்பால் வெயிலில் நிற்பார்கள். சோறோ கூழோ அங்கேயே ஊற்றுவது. அதைப் பார்க்க மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "உள்ள வரக் கூடாதவங்கன்னாலும் மனுசங்கதானுங்களே. உக்கார ஒரு எடம், குடிக்கத் தண்ணி, சோத்தை ஜன்னல் வழியா வெக்கற மாதிரி. மரியாதையா இருக்கோணுமுங்க. சாப்பிட்டுப்போட்டு அவங்களே இலைய எடுத்துப் போட்டு, எடத்தக் கழுவி உட்டுட்டுப் போகட்டும். தண்ணி ஓடறதுக்கு மட்டும் ஒரு வழி வெச்சிருங்க." ஓவர்சியர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். "எந்தப் பக்கமா வருவாங்க?" என்று மட்டும் கேட்டார். "முன்வாசல்ல வேண்டாங்க. ஓரமா வரட்டும்."

மறுநாள் படத்தில் அதைக் கொண்டுவந்து காட்டினார். மாமியார் நினைத்திருந்தது பின்னால் மாட்டுக் கொட்டகைப் பக்கம். அவர் போட்டிருந்ததோ வடக்கே, வீட்டிலேயே காற்றும் நிழலும் மலையும் ஒன்றாகக் கிடைக்கிற இடத்தில். "இத்தன நல்ல எடத்தைய அதுக்கா குடுக்கறது?" என்று மாமியார் இழுத்தார். "காத்துட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு நேரம் மெதுவாப் போகுமுங்க அம்மா. பாக்கறதுக்கு எதாச்சும் வேணுமில்லீங்களா" என்றார். மாமியாருக்கு அது பிடித்துப்போனது. நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். கல்லை வைத்த அன்று ஓவர்சியரே அதில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். "வயசானவங்களுக்கு முட்டி மடங்காதுங்க. இன்னங் கொஞ்சம் ஏத்தி வையிங்க" என்று கொத்தனாரிடம் சொன்னார். தண்ணீர் ஓட விரல் அகல வாய்க்காலையும் அவர்தான் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். யாருடைய முட்டியை நினைத்து அந்தக் கல்லை ஏற்றினார் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. தெரிந்த பிறகு எனக்கு அந்த மேடையில் நிம்மதியாக உட்கார முடிந்ததே இல்லை.

சுவர்கள் எழும்பி மேலே உத்திரம் ஏறிய சமயம் அவர் இன்னொன்று சொன்னார். "இந்தச் சந்து ஒரு கொழா மாதிரிங்க. பழைய ஊட்டுல மெல்லப் பேசுனாலும் புது ஊட்டுச் செவுத்தோரம் நின்னாத் தெளிவாக் கேக்கும். பாத்துப் பேசிக்குங்க." மாமியார் உடனே, "அப்ப நானும் மருமவளும் சண்டை கட்டறது விருந்தாளிக்கெல்லாம் கேக்கும்னு சொல்லுங்க" என்றார். மாமனார், "இவ எங்க சண்டை கட்டறா? நீ ஒருத்தியே ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டிக்கோ" என்றார். ஓவர்சியர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தரம்தான்.

ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். வீடு கட்டுகிறவரைக்கும் அது கட்டுகிறவர்களுடைய இடம். கல் சுமக்கிறவர், சுண்ணாம்பு இடிக்கிற பெண்கள் எல்லாரும் சாமி அறை வரைக்கும் போய்வருவார்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். புண்ணியார்ச்சனை செய்து தீர்த்தம் தெளித்து, பால் பொங்கியதும் அது வீடாகிவிடும். அதன்பிறகு அதே கால்கள் வாசலுக்கு வெளியே நின்றுவிடும். என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. மழை மேலேயிருந்து பெய்கிறது என்பது போல அது ஒரு விஷயம்.

பால் காய்ச்சிய அன்று ஓவர்சியர் சலவை வேட்டியும் வெள்ளைக் கோட்டுமாக வந்தார். செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்தார். புதுக் கூடத்தில் முதல் பந்தியில் தன் பக்கத்தில் அவரை உட்கார வைத்து, எல்லார் முன்னிலையிலும் வேட்டி துண்டு கொடுக்க வேண்டும் என்பது மாமனாருடைய ஆசை. கொத்தனார், ஆசாரிமாருக்கும் வேட்டி உண்டு. இவருக்கென்று தனியாகச் சரிகைக்கரை வேட்டி எடுத்துத் தட்டத்தில் வைத்திருந்தார். அதை நாலைந்து தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம்.

அந்த நேரத்தில் என் மாமியாரின் அண்ணன் வந்து சேர்ந்தார். அவரும் அன்னூர்ப் பக்கத்துக்காரர். கூடத்தில் நின்ற ஓவர்சியரைப் பார்த்தார். பார்த்தவர், மாமனாரின் கையைப் பிடித்துப் பழைய வீட்டு உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மாமியாரும் போனார். நான் பால் பாத்திரத்தோடு இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்தச் சந்தில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டது.

"மாப்ள, அந்தக் கோட்டுக்காரரு யாருங்க?"

"ஓவர்சியருங்க மச்சான். இந்த ஊட்டையே உருவாக்குனவங்க."

"கெட்டுது போங்க. அவங்கப்பன் எங்க பண்ணையத்துல இருந்தவன். எங்க ஊருச் சேரி. பாதிரியாரு கூட்டிட்டுப் போயிப் படிக்க வெச்சாங்க. கெழவன் இன்னும் இருக்கறான், முட்டி மடங்காம குச்சிய ஊனிக்கிட்டு."

மாமியார், "வேதக்காரருன்னுதானுங்கண்ணா நெனச்சோம்" என்றார்.

"எந்த வேதமானா என்ன? பந்தியில உக்கார வெச்சீங்கன்னா வந்த சனம் இலைய மூடிப்போட்டு எந்திரிச்சிரும். அப்பறம் உங்க ரெண்டாவது பையனுக்கு எந்த ஊட்டுல பொண்ணு குடுப்பாங்க?"

மாமனார், "நேத்து வரைக்கும் சாமி ரூம்புக்குள்ள நின்னு வேலை பாத்தவங்களுங்க மச்சான்" என்றார். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அது நேத்துங்க. இன்னைக்குப் பால் பொங்கிப்போச்சுங்களே."

அதற்குப் பிறகு மாமியார் அழுகிற மாதிரிக் கேட்டார்: "அவங்க மனசு நோகாம இதைய எப்படிங்க சொல்றது?"

நான் திரும்பிப் பார்த்தேன். புதுக் கூடத்தின் சந்துப் பக்கத்து ஜன்னலோரம் ஓவர்சியர் நின்றிருந்தார். சுவர் காய்ந்த விதத்தைப் பார்க்கிறவர் போல உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தார். கையை மெதுவாக எடுத்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். கையில் ஒட்டியிருக்க அங்கே ஒன்றும் இல்லை, சுவர் காய்ந்து வெகு நாளாகியிருந்தது. சத்தம் கேட்கும் என்று சொன்னவரே அவர்தான். அன்று அதை எல்லாரும் மறந்துபோனோம். அவர் வடக்குக் கதவைத் திறந்து படியிறங்கிப் போனார்.

என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மாமியார் கூடத்துக்கு வந்தார். அவர் இல்லை. யாரோ வந்து, "ஓவர்சியரய்யா வடக்காலச் சாய்ப்புல உக்காந்திருக்கறாங்க" என்றார்கள். மாமியார் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "தெரிஞ்ச மனுசனுங்க. நம்ம வாயால சொல்ல வெக்கலீங்க பாருங்க" என்றார். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. என் முகத்திலும்தான் இருந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது அந்த நிம்மதிதான். ஒரு மனிதர் தானாக வெளியே போய் எங்கள் மரியாதையைக் காப்பாற்றிக் கொடுத்தார். நாங்கள் அதை வாங்கிக்கொண்டோம்.

இலை போட்டு, எல்லாப் பதார்த்தமும் குறையாமல் வைத்து, ஒப்பிட்டு, கச்சாயம் என்ற இனிப்புப் பலகாரங்களும் நெய்யும் இரண்டு பங்காக வைத்து என்னிடம் கொடுத்தார் மாமியார். "நீ கொண்டுபோயி ஜன்னல்ல வெச்சிட்டு வா அம்மணி." வீட்டில் சின்னவள் நான்தான். ஜன்னலுக்குப் போனபோது பின்னாலேயே மாமனார் வந்தார். சரிகைக்கரை வேட்டித் தட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலில் தெரியாதபடி சுவரோரம் ஒதுங்கி நின்றார். ஊரில் பத்துப் பஞ்சாயத்து பேசுகிறவர். பத்தடி சுற்றி வடக்குக் கதவு வழியாகப் போக அவருக்குக் கால் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் ஓவர்சியர் எழுந்து நின்றார். "வெய்யிங்க அம்மணி" என்றார். இலையை வைத்தேன், தட்டத்தை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மலைப் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: "அம்மிக்கு முன்னால மலை தெரியுதுங்களா?" நான் தலையாட்டினேனா, வெறுமனே நின்றேனா என்று எத்தனை யோசித்தும் நினைவு வரவில்லை. உள்ளே பந்திக்குத் தண்ணீர் வைக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

முதல் பந்தி எழுந்தபின் ஜன்னலுக்கு வந்தேன். அவர் இல்லை. இலை இல்லை. வேட்டியும் இல்லை, வெறும் தட்டம் மட்டும் கவிழ்த்து வைத்திருந்தது. மேடை முழுக்கக் கழுவி விட்டிருந்தது. அந்த விரல் அகல வாய்க்காலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் சொன்ன முறை எதையும் அவர் விடவில்லை.

பிறகு மாமனார் பஞ்சாலை வேலைக்காக அவருக்கு ஆள் அனுப்பினார். "வேற வேலை ஒத்துக்கிட்டனுங்க, தப்பா நெனச்சுக்க வேண்டாமுங்க" என்று பதில் வந்தது. மறுபடியும் அனுப்பினார், அதே பதில். கொழுந்தனாருக்குப் பெரிய இடத்தில் பெண் கிடைத்தது. மாமனார் கடைசிக் காலத்தில் சாப்பாட்டை வடக்குச் சாய்ப்புக்குக் கொண்டுவரச் சொல்லுவார். சாப்பிட்டதும் இலையைத் தானே எடுப்பார், மேடையைத் தானே கழுவுவார். "உங்களுக்கு என்னங்க தலையெழுத்து? நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று மாமியார் சத்தம் போடுவார். எங்கள் வீட்டில் அந்தப் பால் காய்ச்சிய நாளைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. பேசாத இடத்தில் வேறு கதை முளைத்துவிட்டது. தொப்பி போட்ட ஒருவர் என்பது துரை என்றாகி, மற்றவர்களுக்காகப் போட்ட மேடை அவர் தனக்காகப் போட்டுக்கொண்டது என்றும் ஆகிவிட்டது.

காலம் மாறிவிட்டது, இப்போது யாரும் அந்த ஜன்னல் வழியாகச் சோறு வைப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தேடிப்போய் உட்காருவது அங்கேதான். கல்யாணப் பெண்களை அங்கே உட்கார வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். எங்களுக்கு வேண்டாத இடமாக ஒதுக்கியதை அவர் எங்கள் வீட்டின் நல்ல இடமாக ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் இடத்தை எடுத்துக்கொண்டோம், ஆளை விட்டுவிட்டோம்.

அந்தப் பெண் போனபின் பேரனிடம் சொன்னேன்: "அவங்க வெள்ளக்காரரு இல்ல கண்ணு." முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். முகம் சிறுத்துப் போனது. "உடுங்க பாட்டி, இப்ப அதையெல்லாம் கெளறி என்ன ஆகுது? தங்க வர்றவங்களுக்குத் தொரை கதைதான் புடிக்குது" என்றான். கல்லுக்கு மேலே 'துரை மேடை' என்று பலகை எழுதி மாட்டப் போகிறார்களாம். ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இதில் நான் எழுதியிருப்பவற்றை யாராவது சரிபார்த்தால் நல்லது. வருஷம் தப்பாக இருக்கலாம். பலாமரமா வேறு மரமா என்று என் நாத்தனார் மகளுக்குத் தெரிந்திருக்கலாம். அன்னூர்ப் பக்கம் எந்த ஊர் என்று நான் கேட்டு வைக்கவில்லை. ஓவர்சியருக்குப் பிள்ளைகள், பேரன் பேத்திகள் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் இது பட்டால், அவர் பெயரை எழுதி அனுப்பினால், பலகையில் அதைப் போடச் சொல்லி நான் இருக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன். இன்னொன்றும் அவர்களைக் கேட்க வேண்டும். அன்று வீட்டுக்குப் போய் அவர் ஏதாவது சொன்னாரா? நான் வைத்த இலையில் ஒரு வாயாவது சாப்பிட்டாரா, அல்லது வைத்தது வைத்தபடி மடித்து எடுத்துப்போனாரா? மேடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் அத்தனை சுத்தமாகக் கழுவிவிட்டிருந்தார்.